நான் நீக்கிய இரண்டு வாக்கியங்கள்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்குள் காலை வைக்கிற நேரத்தில் போன் செய்து, "நெலத்தக் குடுத்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா. அப்பாகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க" என்றாயே, அதை நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவள் நான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க மறப்பது எனக்கு வராது. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நான் சொன்னால் அவர் மறுபேச்சு பேசாமல், "சரி, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்பார். ஏன் அப்படிக் கேட்பார் என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்பதால் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். ஆபீஸ் மெயில் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே ஓட்டாமல், உட்கார்ந்து படி.

நம் வீட்டில் நீயும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை எப்போது நிறுத்தினீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சண்டை ஒன்றும் கிடையாது. உனக்கு மீசை அரும்பிய வயதில் தானாக நடந்தது. ஒரே கூடத்தில் இரண்டு முழ தூரத்தில் நீ நிற்பாய், அவர் என்னைப் பார்த்து, "அவன முடி வெட்டிக்கச் சொல்லு" என்பார். நீயும் என்னைப் பார்த்து, "நாளைக்கு வெட்டிக்கிறேன்னு சொல்லுங்கம்மா" என்பாய். பாதி ஊரில் அப்பனும் பிள்ளையும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. எனக்கு அதில் ஒரு கர்வமும் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். என்னைத் தாண்டாமல் இந்த வீட்டில் ஒரு வார்த்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகாது. அதனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் என் கையில் இருந்தது. "அந்தத் தடிக் கழுத எப்ப வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டும்?" என்று அவர் கேட்டால், "அப்பா உன்னை எதிர்பார்த்துக்கிட்டு இருக்காரு தம்பி" என்று உன்னிடம் சொல்வேன். நீ முணுமுணுப்பதை நான் சிரிப்பாக மாற்றி அவரிடம் சேர்ப்பேன். இப்படி வருஷக் கணக்கில் ஒரு பெரிய சமாதான வேலை செய்துகொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

நான் அரசியலுக்கு வந்த கதையை நீ உன் நண்பர்களிடம் உன் இஷ்டத்துக்கு ஜோடித்துச் சொல்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நடந்தது இதுதான். நம்முடையது கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டால் மேலே இருக்கிற ஊர்களெல்லாம் நனைந்து, மிச்சம் இருந்தால் நமக்கு. அந்த வருஷம் மிச்சமே இல்லை, நாற்றங்கால் கருகியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த நான், மத்தியானம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர்ப் பெண்கள் நாற்பது ஐம்பது பேரோடு போய்ப் பாசன அலுவலகத்தில் உட்கார்ந்தேன். "மேலிடத்துக்கு எழுதியிருக்கோம் டீச்சர்" என்றார் அங்கிருந்தவர். "எழுதின கடிதத்தோட நகலக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிடுறோம்" என்றேன். கடிதமே கிடையாது. அன்று பொழுது சாய்வதற்குள் எழுதி, எங்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இது செய்தித்தாளில் வந்தது. தேர்தல் நெருங்கியபோது கட்சியில் இரண்டு கோஷ்டி, ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு கோஷ்டியிலும் இல்லாத ஆளைத் தேடியபோது என் பெயர் அகப்பட்டது. திறமையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது அதுவல்ல. அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "நில்லு. நான் வேணாங்கல. ஆனா என்ன மேடையில ஏத்தாத." நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். சீர்காழி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் என் படத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டு வந்தது நீதான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஜெயித்துப் போன பிறகு நம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம். "அம்மா சபைக்குப் போயிருக்காங்க" என்று நீ சொன்னால், ஞாயிறு ஆராதனைக்கா கோட்டைக்கா என்று கேட்பார்கள். கோட்டையில் இருந்த சபையில் நான் கற்றுக்கொண்ட முதல் விதி என்ன தெரியுமா? அங்கே யாரும் யாரிடமும் நேரடியாகப் பேசக்கூடாது. அமைச்சர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவரைப் பார்த்து, "நீங்க ஏன் தண்ணி விடல?" என்று கேட்க முடியாது. எழுந்து நின்று, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் பகுதிக் கடைமடைக்குத் தண்ணீர் வழங்க அரசு ஆவன செய்யுமா என்பதைத் தங்கள் வாயிலாக மாண்புமிகு அமைச்சர் அவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்" என்று கேட்க வேண்டும். அவரும் பேரவைத் தலைவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர், "என்னம்மா சிரிக்கிறீங்க?" என்றார். "எங்க வீட்டுல இந்தப் பதவியில நான்தாங்க இருக்கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

முதல் வருஷம் முழுக்க எனக்குக் கிடைத்த பதில் "ஆவன செய்யப்படும்". இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வந்து ஊரில் சொன்னால் கைதட்டினார்கள், வயலுக்குத் தண்ணீர் மட்டும் வரவில்லை. இதை மாற்றியது உன் அப்பா, அது உனக்கே தெரியுமோ என்னவோ. ஒரு நாள் காலையில் நான் துணைக்கேள்வி எழுதிக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வந்து, "தண்ணி இருக்கான்னு கேக்காத. இருக்கும்பாங்க. வருமான்னும் கேக்காத. வரும்பாங்க. மேல இருக்குற மதகோட சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதகுப் பலகையைத் தூக்கி இறக்குகிற அந்த இரும்புச் சாவி, லஸ்கர் என்கிற அரசாங்க ஊழியரிடம் இருக்க வேண்டும். நான் அதையே கேட்டேன். அமைச்சர் பெரிய கோப்போடு வந்திருந்தார், கன அடி, ஆயக்கட்டு எல்லாம் அதில் இருந்தது, சாவி மட்டும் இல்லை. சபையே சிரித்தது. அவர் கோபப்படாமல், விசாரித்துச் சொல்கிறேன் என்றார். விசாரித்தபோது சாவி ஒரு பெரிய மிராசுதார் வீட்டு மாட்டுத் தொழுவத்தில், சாக்குக்குக் கீழே இருந்தது. அந்த மாதத்திலிருந்துதான் நமக்கு முறைத் தண்ணீர், வாரத்தில் இன்ன நாள், இத்தனை மணி நேரம் என்று வர ஆரம்பித்தது. பிற்பாடு நான் கட்ட வைத்த பாலத்தையும் கொள்முதல் நிலையத்தையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் செய்ததில் பெரியது அந்த ஒரு கேள்விதான், அதுவும் என்னுடையதில்லை. உனக்கும் இதையே சொல்கிறேன்: ஆபீசிலானாலும் வீட்டிலானாலும், ஆமாம் என்று சொல்லித் தப்பிக்க முடிகிற கேள்வியைக் கேட்காதே.

நீ படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டபடி ஒரு வருஷம் வீட்டில் இருந்தாயே, அந்த வருஷத்தில் நான் பாதி நாள் சென்னையில். வீட்டில் நீயும் அவரும் மட்டும். எப்படிச் சமாளித்தீர்கள் என்பது எனக்கு ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அப்பா பசுமாட்டைத் தடவிக்கொண்டு, "சோறு ஆறுது, யாராச்சும் வந்து சாப்புட்டாத் தேவல" என்று மாட்டிடம் சொன்னார். நீ கொல்லையில் இருந்தபடியே அதே மாட்டிடம், "மோட்டார நிறுத்திட்டு வந்துடுறேன்" என்றாய். நான் வாசலிலேயே நின்று சிரித்தேன். அந்தப் பசு அத்தனை நாளும் நம் வீட்டின் தற்காலிகப் பேரவைத் தலைவராக இருந்திருக்கிறது. சொல்லப்போனால் அது என்னைவிட நேர்மையாக நடந்துகொண்டது, கேட்டதில் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. அந்த வருஷம் நீங்கள் இருவரும் சேர்ந்து போட்ட சம்பாவைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுகிறார். உனக்கு நாற்றுமுடி எறியத் தெரியும், அளவாக எறிவாய் என்று ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் தெரியுமா? உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் உனக்கு அமெரிக்க வேலை வந்தது. தாராளமயம், தாராளமயம் என்று பேரவையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் வயலை வாங்கி இறால் பண்ணை போடக் கம்பெனிகள் வந்தன, நடவு வயலில் உப்புத் தண்ணீர் ஏறியது, பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்கு என்னிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். இதெல்லாம் ஒரே சமயத்தில். நீ கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் சபையில் இறால் பண்ணையைப் பற்றிப் பேசினேன். நம் பக்கத்து ஊர் நிலம் அத்தனையும் தரிசு என்று யாரோ அறிக்கை கொடுத்து, அதைக் காட்டி ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. நான் அந்த ஊர்க் கணக்குப் புத்தகத்தின் நகலைக் கையில் வைத்திருந்தேன். வருஷா வருஷம் நெல், உளுந்து என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தரிசு என்பது பொய்" என்றேன். பொய் என்ற வார்த்தை அங்கே ஆகாது. உண்மைக்குப் புறம்பானது என்று சொல்ல வேண்டும். பேரவைத் தலைவர் என் வாக்கியத்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். அச்சில் அந்த இடத்தில் நட்சத்திரப் புள்ளிகள் மட்டும் இருக்கும், படிக்கிறவனுக்கு அங்கே ஒருத்தி என்ன சொன்னாள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப பொய்ய நீக்கல. பொய்யின்னு சொன்னதத்தான் நீக்கியிருக்காங்க" என்றார். அந்தப் பண்ணை நம் பக்கம் வராமல் கடைசியில் தடுத்துவிட்டேன், அது வேறு கதை. ஆனால் சொன்ன வார்த்தையை அழிப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அந்த வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் பேசிக்கொண்டே இருந்தவள் நான்தான். மறுநாள் காலையில் நீ கிளம்பினாய்.

அந்தக் காலையை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பெட்டி கட்டி வாசலில் இருந்தது, மாயவரத்துக்குப் போகக் கார் வந்துவிட்டது. அப்பா வீட்டில் இல்லை. நமக்கு முறைத் தண்ணீர் வருகிற நாள், விடிவதற்கு முன்பே வயலுக்குப் போய்விட்டார். நீ என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று பார்த்துக்கொள். "அம்மா, அப்பா ஒரு வார்த்த இருடான்னு சொன்னா நான் டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இருந்துடுறேன். போயிக் கேட்டுட்டு வாங்க." நான் வாய்க்கால் கரையோடு நடந்து போனேன். அவர் மடையில் நின்றுகொண்டிருந்தார், முழங்கால் வரை சேறு. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேசிவிட்டார். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "அவனப் போவ வேணாம்னு சொல்லு. நீயும் சபைன்னு போயிடுற. தனியா அந்த வூட்டுல இருக்க எனக்குப் பயமா இருக்கு."

இருபத்தைந்து வருஷம் அவரோடு வாழ்ந்து அந்த மனிதர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. நான் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீ சொல்லி அனுப்பியதை அவரிடம் சொல்லவில்லை. கரையில் திரும்பி நடக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் வந்து, "போயிட்டு வரச் சொன்னாருப்பா. தண்ணி மாத்துற நேரம், வர முடியல" என்றேன். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன், பார்த்தும் பெட்டியைக் காரில் ஏற்றினேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அவரிடம், "சொன்னேங்க. போயே ஆவணும்னுட்டான்" என்றேன். அவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

இவ்வளவுதான். நீ இருக்கிறேன் என்றாய், அவர் இரு என்றார். நடுவில் நின்ற நான் இரண்டு வாக்கியத்தையும் நீக்கிவிட்டு, இரண்டு பேருக்கும் வேறு வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா நீ கேட்டும் இரு என்று சொல்லவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியும் பிள்ளை நிற்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டுமே பொய், தம்பி. உண்மைக்குப் புறம்பானது என்று நாசூக்காகச் சொல்ல இது பேரவை இல்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் எதிர்காலத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதில் கொஞ்சம் நிஜமும் உண்டு. கடைமடையில் மூன்று ஏக்கரை நம்பி ஒரு இன்ஜினியர் உட்கார வேண்டாம் என்று எந்தத் தாயும் நினைப்பாள். ஆனால் அந்தப் பத்து நிமிஷ நடையில் என் மனசில் ஓடியது அது இல்லை. அவர் பயத்துக்காக நீ தங்கினால், அவர் ஏன் தனியாக இருக்கிறார் என்ற கேள்வி அடுத்து வரும். நீங்கள் இருவரும் அதை என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள், நானே என்னைக் கேட்டிருப்பேன். திங்கட்கிழமை சபை கூடுகிறது, இறால் பண்ணை விவகாரம் பாதியில் நிற்கிறது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் அது நான்தான் என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். அவர் பயத்தை வெளியே சொன்னார், நான் என் பயத்தை மறைத்துக்கொண்டேன்.

இதனால் நான் அரசியலுக்குப் போனதே தப்பு என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. போனது சரி. மறுபடி கூப்பிட்டாலும் போவேன், கூப்பிடவில்லை என்பதுதான் குறை. ஒரு முறை தோற்றேன், மறுமுறை ஜெயித்தேன், அப்புறம் சீட்டு வேறு ஆளுக்குப் போனது. இன்றைக்கும் காலையில் ஐந்து பேராவது மனுவோடு வாசலில் நிற்கிறார்கள். சென்னையில் நான் இருந்த நாட்களில் இந்தத் தொகுதிக்குத் தண்ணீர் வந்தது, பயிர் விளைந்தது. அதற்காக யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நான் வெட்கப்படுவது ஒன்றுக்குத்தான். "எனக்குச் சபை முக்கியம், உங்க அப்பாவுக்குப் பயமா இருக்கு, இப்ப என்ன செய்யலாம்?" என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்கும். பஸ்ஸில் போய்வந்திருப்பேன், எம்.எல்.ஏ. விடுதிக்கு அவரையே அழைத்துப் போயிருப்பேன், நீ ஆறு மாதம் கழித்துப் போயிருப்பாய். ஊர்ப் பிரச்சினைக்கெல்லாம் அப்படி உட்கார வைத்துப் பேசி முடித்தவள், நம் வீட்டு விஷயத்தில் ஒரு வாய்க்கால் கரையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அதன் பிறகு நீ வந்த லீவுகளை எண்ணிப் பார். நீ எழுந்திருக்கும் முன்பு அவர் வயலுக்குப் போயிருப்பார். உன் கல்யாண போட்டோவில் கூட உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் நிற்கிறேன். எனக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. போன வருஷம் நியூ ஜெர்சியில் உன் வீட்டுக்கு வந்து தங்கியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் மனைவி ஒரு நாற்காலியில், நீ ஒரு நாற்காலியில், நடுவில் என் பேத்தி படம் வரைந்துகொண்டிருக்கிறாள். நீ அவளிடம், "அம்மாகிட்ட எனக்குக் காபி வேணாம்னு சொல்லும்மா" என்கிறாய். அவளும் பென்சிலைக் கீழே வைக்காமல், "வேணாமாம்" என்கிறாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டாயே! அது எவ்வளவு ருசியான வேலை, எப்படி அதில் கை நீளும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வராமல் விமானம் ஏறிவிட்டேன். அவளை அந்தப் பதவியிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடு. காபி வேண்டாம் என்றால் உன் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்.

முந்தாநாள் காலை நான் அப்பாவிடம், நிலத்தைப் பற்றி நீ சொன்னதைத் தவிர, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வரப்பில் நண்டு வளையைச் சேறு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு இதெல்லாம் வேண்டாமென்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை. நான் நின்றபடியே சொன்னேன். கையில் எடுத்த சேற்றை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அவன் கேட்டானா?" என்றார்.

"கேட்டான்ங்க."

"நான் இருடான்னு சொன்னா இருக்கேன்னா?"

"ஆமாங்க. டிக்கெட்டக் கிழிச்சுடுறேன்னான்."

வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "நாப்பது ஊருக்கு ஞாயம் கேட்டவ. ஒன் வூட்டுக்கு நீயே அநியாயம் பண்ணியிருக்க" என்றார். அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை, படுத்த வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நேற்றுக் காலை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவன் நம்பரு என்ன?" என்று கேட்டார். இத்தனை வருஷமும் நான்தான் நம்பரைப் போட்டு, நான்தான் பேசி, "அப்பா நல்லா இருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு உன் நம்பரே தெரியாது. காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். "நீ மொதல்ல கடுதாசி எழுதிப் போடு. அவன் படிக்கட்டும். அப்புறம் நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றார்.

நிலத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா, நாங்கள் அங்கே வருவதா, நீ இங்கே வருவதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். விற்கலாம் என்று பேசி முடிவானால் விற்கட்டும், எனக்கு வருத்தமில்லை. பிள்ளைக்கு நாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் கையெழுத்துப் போடக்கூடாது, அதற்கு மட்டும் நான் விடமாட்டேன். என் கருத்தை யாரும் கேட்க வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் அதுதான், இருந்தாலும் செய்வேன்.

இந்தக் கடிதம் கிடைத்துவிட்டது என்று நீ ஒரு வரி தகவல் அனுப்பினால் போதும். மறுநாள் உனக்கு அப்பாவிடமிருந்து போன் வரும். நான் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டேன், தெருக்கோடி வரை போய்விடுவேன். அவர் எடுத்த எடுப்பில் எதையும் சொல்ல மாட்டார், அவருக்கு வராது. மழை எப்படி என்று சொல்வார், உளுந்து பூ வைத்ததைச் சொல்வார், அங்கே குளிரா என்று கேட்பார், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து நீ வைத்துவிடாதே.